சட்டம் படிக்காத மகள்

பர் துபாயில் மெட்ரோ ஏறியபோது எதிர் இருக்கையில் ஒரு குடும்பம் இருந்தது. அப்பா, அம்மா, நடுவில் தென்னாப்பிரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த மகள். மூவரும் அப்பாவின் மேனேஜர் வீட்டு விருந்துக்குப் போகிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

“அங்க யாராவது கேட்டா, டர்பன்ல சட்டம் படிக்கறேன்னு சொல்லிடு” என்றார் அப்பா.

“ஏன்ப்பா? நான் படிக்கறது ஜூலு லாங்குவேஜும் ஆப்பிரிக்கன் ஹிஸ்டரியும்தானே?”

“அது நமக்குத் தெரியும். ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் நான் லான்னு சொல்லி வச்சிருக்கேன்.”

“என்னால பொய் சொல்ல முடியாது.”

அப்பா சலிப்போடு ‘ச்சு’ கொட்டினார். மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அப்பா, அதை இன்னொரு தடவை பண்ணுங்க. ஜூலுல அது ஒரு எழுத்து. எங்க கிளாஸ்ல பாதிப் பேருக்கு இன்னும் வரல.”

“இதா?” என்று மறுபடி கொட்டினார்.

“பர்ஃபெக்ட். ‘இல்லை’ங்கற வார்த்தையே அந்தச் சத்தத்துலதான் ஆரம்பிக்குது.”

“அப்போ இருபது வருஷமா இவர் வீட்ல ஜூலுதான் பேசிட்டிருக்கார்” என்றாள் அம்மா, ஜன்னலைப் பார்த்தபடி.

அப்பா கையால் வாயை மறைத்துக்கொண்டு இன்னும் இரண்டு முறை கொட்டிப் பார்த்தார். அப்போது போன் அடித்தது.

“வந்துட்டே இருக்கோம் சார். பொண்ணும் வர்றா.” கொஞ்சம் தயங்கினார். “சார், அவ லா இல்ல. ஜூலு படிக்கறா. ஆமா சார், ஆப்பிரிக்க பாஷைதான். கஷ்டமான பாஷைதான் சார், ஆனா எனக்குக் கொஞ்சம் வரும்.”