எட்டு என்று சொன்ன குரல்

இரவு ஒன்பதே முக்கால். மில் பாலத்துச் சாலை. பனி கொட்டி ஓய்ந்திருந்தது... முன்னும் பின்னும் ஒரு வண்டி கிடையாது.

அடுப்பைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்கள். தூண்டில் கிடக்கட்டும், உறைந்த ஏரி எங்கும் ஓடிவிடாது. இது நம் கெய்ல் இருக்கிறாளே, அவள் கணவனின் அண்ணனுக்கு நடந்தது. டேரல் ஹால்வர்சன். விஸ்கான்சினில் பாதிச் சோளம் அவர் கிடங்கு வழியாகத்தான் போகும், அந்த டேரல்.

அன்று அவர் போய்க்கொண்டிருந்தது கல்லூரி நாளைய சகோதரர் சங்கத்தின் ஆண்டுக் கூடலுக்கு. மாநிலச் சங்கம் முழுவதற்கும் அவரைத் தலைவராக்கப் போகிறார்கள். சட்டைப் பையில் நன்றியுரை. வண்டியின் முன்பெட்டியில் நான்காக மடித்த ஒரு கடிதம்.

கடிதம் புரிய முப்பத்திரண்டு வருடம் பின்னால் போக வேண்டும்.

அந்த வருடம் சங்கத்தில் சேர வந்தவர்கள் ஒன்பது பையன்கள். பெயர் கிடையாது, எண்தான். டேரல் ஏழு. வெண்டல் க்ராஸ் எட்டு. பால் பண்ணைக்காரர் மகன். வருடம் முழுக்க மூக்கடைப்பு, எட்டு என்பதே மூக்கால்தான் வரும். ஜனவரி மாத இரவில் மூத்த மாணவர்கள் ஒன்பது பேரின் கண்ணையும் கட்டி, மேல்கோட்டைப் பிடுங்கிக்கொண்டு, ஆறு மைல் தள்ளி மில் பாலத்தில் இறக்கிவிட்டார்கள். நடந்தே திரும்ப வேண்டும். சங்கத்துப் பையன்கள் ஒன்றாகத் தங்கும் சங்க வீட்டின் சமையலறைக் கதவு முன் நின்று ஆளுக்கொரு எண்ணாகச் சொல்ல வேண்டும். உள்ளே இருக்கும் மூத்தவன் எட்டிப் பார்க்க மாட்டான். காதால் கேட்பதோடு சரி. ஒன்பதும் கேட்டால் கதவு திறக்கும். ஒன்று குறைந்தால் எல்லோரும் திரும்பிப் போய்த் தேட வேண்டும். எண்ணிக்கை நிரம்பிவிட்டால் விடியும்வரை யாருக்கும் கதவு திறக்காது. கூட வந்தவனை விட்டுவிட்டு வராதே என்று கற்பிக்கத்தான் இந்த வழக்கமாம்... நன்றாகக் கற்பித்தது.

சங்க வீட்டுக்கு ஒரு மைல் இருக்கையில் வெண்டல் விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "நீங்க போயிட்டே இருங்கடா. பின்னாலயே வந்துடறேன்."

கதவு முன்னால்... "அஞ்சு." "ஆறு." "ஏழு."

காற்று.

யாரோ பல் கிடுகிடுக்கிற சத்தம். கதவிடுக்கில் தக்காளி சூப் வாசனை. டேரலுக்குக் கால்விரல் இருக்கிறதா என்றே தெரியவில்லை. மூக்கை விரலால் அடைத்துக்கொண்டான்.

"எட்டு."

"ஒம்பது" என்றான் கடைசிப் பையன், சற்றுத் தயங்கி. கதவு திறந்தது. உள்ளே நுழைந்த தலைகளை எவன் எண்ணினான்?

மற்றவர்கள் முன்னறைக் கணப்புக்கு ஓடினார்கள். டேரல் மட்டும் சூப்புக் கிண்ணத்தோடு கதவருகில் உட்கார்ந்தான். அரை மணி இருக்கும்... கதவில் தட்டு. மெதுவாக, மூன்று தரம். திறந்தால் பொய் வெளுத்துவிடும். கிண்ணத்தைப் பார்த்தபடி இருந்தான். பிறகு தட்டு வரவில்லை.

காலையில் விறகுக் குவியலுக்குப் பின்னால் கிடந்தான் வெண்டல்.

எண்ணிக்கை சரியாக இருந்தது என்று கதவுக்காரன் சத்தியம் செய்தான். ஆகவே பையன் உள்ளே வந்து, குடித்துவிட்டு, தானே வெளியே போய் விறைத்துச் செத்தான் என்று எழுதி வழக்கை மூடினார்கள். எட்டுப் பேரும் சேர்ந்து முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள். வசந்தம் வந்ததும் டேரலைச் சங்க வீட்டுத் தலைவனாக்கினார்கள். "இக்கட்டுல முடிவெடுக்கத் தெரிஞ்சவன்டா இவன்" என்றார்கள். கிடங்கில் முதல் வேலை, சங்கத்து மூத்தவர் ஒருவர் தந்தது. மூன்றாம் எண் ராய்ஸ் வக்கீலானான். அவன் மகனுக்கு டேரல் வேலை கொடுத்தார். இருந்தால் இப்படி நண்பர்கள் இருக்க வேண்டும் என்று ஊர் மெச்சியது. நண்பர்கள்தான், அதில் பொய்யில்லை. அதுதான் டேரலை அரித்தது. ஆண்டுக் கூடலில் அந்த எட்டுப் பேரும் பழையபடி கதவு முன் நின்று எண் சொல்வார்கள். ஏழும் டேரல்தான், மூக்கை அடைத்துக்கொண்டு எட்டும் டேரல்தான். செத்தவனுக்கு மரியாதையாம்!

கடிதம் வெண்டலின் அக்கா ஜோலீன் எழுதியது. "அன்னிக்கு எட்டுன்னு சொன்னது என் தம்பிதானா? அப்பா அவனைக் குடிகாரன்னு நெனச்சுட்டே போயிட்டாரு. அம்மா இருக்காங்க. அவங்களுக்காகக் கேக்கறேன்."

உண்மையைச் சொல்லிவிடத் துடித்தார் டேரல். ராய்ஸைத் தொலைபேசியில் அழைத்தார்.

"டேய் ஏழு, தூங்கற பாம்போட வாலை ஏன்டா மிதிக்கற?" என்றான் ராய்ஸ். "தலைவராகப் போற நேரத்துல புத்தி பேதலிச்சுப் போச்சா?"

கடிதம் வண்டிப் பெட்டிக்குள் போனது. அப்படியே புறப்பட்டார்.

சங்க வீட்டுக்கு ஒரு மைல் இருக்கையில்... வண்டி விளக்கொளியில் ஒருவன். சாலையோரம் நடந்துகொண்டிருந்தான். கோட்டு இல்லை. ஒரு கை விலாவில்.

டேரல் வண்டியை நிறுத்தி இறங்கினார். "தம்பி!" யாரும் இல்லை. பனியில் ஒரு காலடி இல்லை. முதுகுக்குப் பின்னால்... டக். வண்டிக் கதவு பூட்டிக்கொண்டது. கோட்டும் தொலைபேசியும் உள்ளே.

நடந்தார். வேறு வழி?

சங்க வீட்டின் பின்வேலியை அடைந்தபோது காது மரத்துப் போயிருந்தது. ஆனாலும் கேட்டது. "அஞ்சு." "ஆறு."

"ஏழு."

அது அவருடைய குரல்.

"எட்டு." அதுவும் அவருடைய குரல்தான். மூக்கை அடைத்துக்கொண்டு சொல்கிற குரல்.

"ஒம்பது." கதவு திறந்தது. மஞ்சள் வெளிச்சம், சூப் வாசனை. உள்ளே போன முதுகுகளை எண்ணினார். எட்டு. கடைசி முதுகில் கோட்டு இல்லை.

ஓடினார், குளிரில் விறைத்த வாய் கத்தத் திறக்கவில்லை. கதவு மூடிவிட்டது. ஓங்கிக் குத்த நினைத்தார்... மரத்த கைக்கு மெதுவாக மூன்று தட்டுதான் கூடியது.

உள்ளே, கதவை ஒட்டி, கிண்ணத்தில் கரண்டி உரசும் சத்தம். நின்றது. கொஞ்ச நேரம்... மறுபடி உரச ஆரம்பித்தது.

விடியலில் பால் வண்டிக்காரன் அவரை விறகுக் குவியலுக்குப் பின்னாலிருந்து தூக்கினான். உயிர் இருந்தது. வலது கையில் மூன்று விரல் போயிற்று.

ஆஸ்பத்திரிக்கு வந்த ராய்ஸ் கட்டிலோரம் பேயறைந்தவன் மாதிரி நின்றான். "நீ எங்ககூடதானடா இருந்த? சாப்ட்ட, கை குலுக்குன. அப்புறம் காகிதம் கேட்டு வாங்கிட்டு, கதவுகிட்ட உக்காந்து எழுதிட்டே இருந்தியே..."

தேறியதும் டேரல் ஜோலீன் வீட்டுக்குப் போனார். வெண்டலின் அம்மா மடியில் ஒரு கடிதம். டேரலின் கையெழுத்து. பொய் எட்டு முதல் எல்லாம் அதில் இருந்தது.

"இத்தனை வருஷம் கழிச்சாவது மனசு வந்து எழுதினியேப்பா" என்று கிழவி அவருடைய கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டாள். "என் புள்ளை மேல இருந்த பழி போச்சு. நீ நல்லா இருப்ப."

நான் எழுதவில்லை அம்மா என்று சொல்லியிருக்கலாம். அதற்கும் டேரல் வாயைத் திறக்கவில்லை.

"கதவு தட்டினதைக்கூட மறைக்காம எழுதியிருக்கியே" என்றாள் அவள். "மெதுவா, மூணு தரம்னு."

அந்தத் தட்டைப் பற்றி டேரல் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். கதவுக்கு உள்ளே இருந்தவன் ஒருவன்...

வெளியே இருந்தவன் ஒருவன்.