மகளுக்குப் பார்த்த வண்டி

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் பானட்டின் மேல் கையை வைத்துப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் பேசாமல் திரும்பிவிடலாம். நீங்கள் வருவதற்கு முன்பே யாரோ அதை ஓடவிட்டு, காலை நேரத்துச் சத்தத்தையெல்லாம் அடக்கி வைத்திருக்கிறார்கள். ஆறிக் கிடக்கும் இன்ஜினை நம் கண்ணெதிரே ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். முதல் பத்து விநாடியில் பாதி தெரிந்துவிடும். மீதிப் பாதி, வண்டி நன்றாகச் சூடேறி மேட்டில் திணறும்போதுதான் தெரியும்.

இது உங்களுக்குத் தேவையில்லாத விஷயம் மாதிரி இருக்கும், தம்பி. ஆனால் இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் உங்களுக்குப் புரியாது. மெதுவாகவே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கும் களைப்பாக இருக்கிறது.

இங்கே, பிஷ்கெக் நகரத்துக் கார் சந்தையில் முப்பத்தோரு வருஷம் இந்த வேலைதான் பார்த்தேன். நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை இன்ஜின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் வைத்துக் கேட்பேன். வாங்க வருகிறவர்கள் என்னைத் தேடி வருவார்கள். விற்கிறவர்களுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. "ஏர்கெஷ் அண்ணே, இன்னிக்கு ஒரு நாளாவது உங்களுக்கு ஜலதோஷம் புடிச்சுக் காது அடைச்சிருக்கக் கூடாதா?" என்று கத்துவார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் அத்தனை வருஷத்தில் ஒருவரிடமும் பொய் சொன்னதில்லை. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

என் மகள் புருல். பல் மருத்துவமனையில் உதவியாளராக இருந்தாள். மனைவி இறந்து பதினோரு வருஷம் ஆகிறது. மகன்கள் இரண்டு பேரும் ரஷ்யாவில். பண்டிகைக்குப் போன் செய்வார்கள், அதுவும் மறந்து போகாமல் இருந்தால். புருல் கல்யாணம் முடிந்தும் என்னோடுதான் இருந்தாள். மாப்பிள்ளை மக்சத் நல்ல பையன். அதை நான் மறுக்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் என் ஷூவையும் சேர்த்து ஓரமாக எடுத்து வைப்பான்.

போன இலையுதிர்காலத்தில், டீ குடித்துக்கொண்டிருக்கும்போது புருல் சொன்னாள்.

"அப்பா, நாங்க மலைக்கு அந்தப் பக்கம், இவரோட ஊரு தலாஸுக்குப் போயிடலாம்னு இருக்கோம். இவரோட அம்மாவால ஒத்தையா பீன்ஸ் வயலைப் பார்த்துக்க முடியல."

"எத்தனை நாளைக்கு?"

"நாள் கணக்கு இல்லப்பா. அங்கயே இருக்கப் போறோம்."

சண்டை போடுகிற ஆள் இல்லை நான். மக்சத்தான் பேசினான். "மாமா, அங்க போறதுக்கு ஒரு சின்ன வண்டி வாங்கணும். எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. நீங்க காது வச்சு சரின்னு சொன்னா போதும். எங்கப்பா இருந்து சொன்ன மாதிரி."

அந்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் சந்தைக்குப் போனோம். முதலில் பார்த்தது ஒரு வெள்ளைக் கார். ஆறிய இன்ஜின். சாவியைத் திருப்பியதும் எடுத்துக்கொண்டது. தையல் மிஷின் மாதிரிச் சீரான சத்தம். ஆயில் மூடியைத் திறந்து பார்த்தேன், சுத்தம். அந்த விலைக்கு அப்படியொரு வண்டி வருஷத்துக்கு ஒன்று வந்தால் அதிகம். "இது ஆயில் குடிக்கும், வேண்டாம்" என்றேன்.

அதற்கப்புறம்தான் நீலக் கார். விற்றது சமந்தார், பத்து வருஷமாகத் தெரிந்தவன். பானட் சூடாக இருந்தது. ஸ்குரூ டிரைவரை வைத்தேன். சும்மா ஓடும்போது ஒன்றும் இல்லை. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்து விடச் சொன்னேன். அடியிலிருந்து மரக்கதவைத் தட்டுவது மாதிரி, டொக் டொக் என்று ஒரு சத்தம். இன்ஜினுக்குள் பிஸ்டனைத் தாங்குகிற கனெக்டிங் ராடு பேரிங் தேய்ந்துவிட்டது. அது ஊருக்குள் ஒரு மாதம் ஓடும். மலை ஏறினால் ஒரு நாள் தாங்காது.

நிமிர்ந்து பார்த்தேன். புருல் ஏற்கனவே உள்ளே உட்கார்ந்து கண்ணாடியைச் சரி செய்துகொண்டிருந்தாள்.

"நல்ல இன்ஜின்" என்றேன்.

சமந்தார் என்னைத் தனியாக இழுத்துப்போனான். "அண்ணே, விளையாடுறீங்களா? இதுல என்ன இருக்குன்னு எனக்கே தெரியும். அது உங்க பொண்ணுண்ணே."

"என் பொண்ணுக்கு என்ன வாங்கணும்னு எனக்குத் தெரியும். நீ வாயை மூடிக்கிட்டு சாவியைக் குடு."

அவன் மேல் குற்றம் எதுவும் எழுத வேண்டாம். அன்று முழுக்க அவன் முகமே சரியில்லை.

கிளம்புவதற்கு முந்தைய நாள், அப்பாவின் அன்பளிப்பு என்று ஆயிலை நானே மாற்றிக் கொடுத்தேன். கோடைக்கு ஊற்றுகிற கெட்டியான ஆயில். சத்தத்தை ஓரளவு அமுக்கிவிடும். நவம்பர் குளிரில் அது தேன் மாதிரி இறுகி, போக வேண்டிய இடத்துக்குச் சீக்கிரம் போகாது. இது எந்த மெக்கானிக்குக்கும் தெரியும்.

யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. என் கணக்கு எளிமையானது. தலாஸ் போகிற வழியில் உள்ள கணவாய் ஏற்றத்தில், சுரங்கப்பாதைக்கு முன்னால் வண்டி நின்றுவிடும். நான் அடிவாரத்தில் இழுவைக் கயிற்றோடு இருப்பேன். போய் இழுத்து வருவேன். வழியிலேயே பயந்துபோனவள் மறுபடி அந்த மலையைத் தாண்ட நினைக்க மாட்டாள். வெறும் வாயால் சொல்லி யாரையும் நிறுத்த முடியாது. மகன்களிடம் அப்படித்தான் சொல்லிப் பார்த்தேன்.

அவர்கள் விடியற்காலையில் கிளம்புவதாக இருந்தது. பிற்பகலில் மலையில் பனி என்று ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். நான் ஆட்டுக்கறி வேகவைத்து பெஷ்பர்மாக் செய்திருந்தேன். சாப்பிடாமல் போனால் மனசு கேட்காது என்றேன். மக்சத் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டான். கிளம்பும்போது பதினொன்றரை.

அரை மணி கழித்து நானும் என் வண்டியை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். மலையடிவாரத்தில் சுங்கச்சாவடிக்குப் பக்கத்தில் உள்ள டீக்கடையில் உட்கார்ந்தேன். இரண்டு மணி சுமாருக்குப் புருல் கூப்பிட்டாள்.

"அப்பா, ஏதோ தட்டுற சத்தம் வருது. இவரு நிறுத்திட்டாரு. சுரங்கம் தெரியுது, பக்கத்துலதான். திரும்பிடலாமான்னு கேக்குறாரு."

"போனை பானட் கிட்ட வச்சு, கொஞ்சம் ஆக்சிலேட்டர் குடுக்கச் சொல்லு."

காற்று இரைச்சலுக்கு நடுவில் தெளிவாகக் கேட்டது. பேரிங் முழுசாகப் போய்விட்டது. அந்த நேரத்தில் திரும்பச் சொல்லியிருந்தால் இன்ஜினை அணைத்து உருட்டிக்கொண்டே இறங்கியிருக்கலாம். ஆனால் உருட்டிக்கொண்டு வந்தால் மக்சத் அதை ரிப்பேர் செய்து அடுத்த வாரமே கிளம்பிவிடுவான். வண்டி முழுசாகச் சாக வேண்டியிருந்தது.

"வெறும் டப்பெட் சத்தம்மா அது, ஆபத்தில்ல. குளிருக்கு அப்படித்தான் இருக்கும். நிக்காம போங்க."

"நிஜமாப்பா?"

"நான் சொல்றேன்ல."

அந்த இன்ஜின் நான் நினைத்ததைவிடப் பிடிவாதம். சுரங்கத்தைத் தாண்டி, மறுபக்கப் பள்ளத்தாக்கில் இறங்கி, வீடு வாசல் எதுவும் இல்லாத இடத்தில் போய் நின்றது. மூன்று மணி இருக்கும். "நின்னுடுச்சுப்பா, ஸ்டார்ட்டே ஆகல. பனி கொட்டுது" என்றாள். "வண்டிக்குள்ளயே இருங்க. நான் வரேன்" என்றேன்.

உடனே கிளம்பியிருக்கலாம். எழுந்தேகூட நின்றேன். பிறகு, கொஞ்சம் நேரம் ஆகட்டும், பயம் நன்றாக ஏறட்டும் என்று இன்னொரு கெட்டில் டீ சொன்னேன். நான்கு கோப்பை குடித்தேன். கடைசிக் கோப்பையின்போது கடைக்காரர் ஜன்னலைக் காட்டி, "தடுப்பை இறக்கிட்டாங்க. இனிமே யாரையும் மேல விட மாட்டாங்க" என்றார். புருலின் போனுக்கு லைன் கிடைக்கவில்லை. காவலரிடம் போய்க் கெஞ்சினேன். அழுதேன் என்றுகூட அவர் உங்களிடம் சொல்லியிருப்பார். அது நடிப்பில்லை.

புருல் உங்களிடம் சொன்னதுதான்: நான் வருவேன் என்று இரண்டு மணி நேரம் காத்திருந்தார்கள். பிறகு மக்சத் தன் கோட்டைப் புருலுக்குப் போர்த்திவிட்டு, "மாமா வழி தெரியாமத் திணறுவாரு, நான் முன்னாடி போய்ப் பாக்குறேன்" என்று இறங்கி நடந்திருக்கிறான். சுரங்கத்தின் பக்கமாக. ஸ்வெட்டரோடு. பனி அள்ளும் வண்டிக்காரர்கள் புருலை மீட்டார்கள். அவனை மறுநாள் கண்டெடுத்தார்கள். மூன்று கிலோமீட்டர் நடந்திருந்தான். அந்தக் காற்றில் அது அதிகம்.

உங்கள் போலீஸ் ஸ்டேஷனில் விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள். என்னை யாரும் சந்தேகப்படவில்லை. சமந்தார்கூட வாய் திறக்கவில்லை. புருல் வீட்டுக்கு வந்துவிட்டாள். தன் பழைய அறையில்தான் இருந்தாள். என்னிடம் பேசவில்லை, என்றாலும் பக்கத்து அறையில் அவள் நடக்கும் சத்தம் கேட்கும். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

நேற்று மக்சத்தின் அம்மா தலாஸிலிருந்து வந்தார். புருலின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "எனக்கு இனி நீதாண்டி பிள்ளை. வா, நம்ம வீட்டுக்குப் போலாம்" என்றார். அந்தக் கணவாய்க்குப் பிறகு புருல் வாய்விட்டு அழுதது அப்போதுதான். உடனே துணிகளை எடுத்துப் பையில் வைக்க ஆரம்பித்துவிட்டாள். வெள்ளிக்கிழமை வேன் பிடிக்கிறார்களாம்.

அதனால்தான் இன்று காலையில் இங்கே வந்தேன். எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுகிறேன். மக்சத்தை நான்தான் கொன்றேன் என்று தெளிவாக எழுதுங்கள். ஒரே ஒரு உதவி. அந்த அம்மாவிடம் இதை வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள். மகனைக் கொன்றவனின் மகளை எந்தத் தாயும் வீட்டில் சேர்க்க மாட்டாள். வீட்டுச் சாவியைப் புருலின் மேஜையில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அங்கிருந்து சிறைக்கு ஒரே பஸ்தான். எத்தனை வருஷம் கொடுத்தாலும், வாரம் ஒரு தடவை வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போக அவளுக்குச் சிரமம் இருக்காது.