வந்திருக்கேன் சேர்

கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு தாய்மார். பள்ளிக்கூடத்து நினைவுநாளில், யுத்தத்தில் செத்த பழைய மாணவர்களின் பெயர்களை வகுப்பில் வரவு இடாப்பு வாசிப்பதுபோல் கூப்பிட, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பிள்ளை எழுந்து அவனுக்காகப் பதில் சொன்னதாம். அதைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். நான் வெற்றிலையை மென்றபடி காதை மட்டும் முன்னே அனுப்பினேன்.

இளையவள் தொடங்கினாள். "ஒம்மவன் வகுப்புக்கு ஒழுங்கா போனதே இல்லக்கா. இப்ப பாரு, வருஷா வருஷம் 'வந்திருக்கேன் சேர்'ங்கிறான்."

"பொறாமையாடி?"

"ஆமா. ஒருநாளும் லீவு போடாத எம்புள்ள பேர கூப்பிடலயே. காணாமப்போனவனாம். செத்துட்டான்னு நான் சொன்னாத்தான் கூப்பிடுவாங்களாம்."

"சொல்லிடேன்டி."

"சொன்னப்புறம் அவன் வந்து கதவ தட்டுனா?"

மூத்தவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தட்டுவான்னு காத்துக்கிட்டிருக்க ஒனக்கு ஒருத்தன் இருக்கான். எனக்குத்தான்டி பொறாம."