பையில் ஊதின மூச்சு

...உள்ளுக்கு இழுத்துப் புடிச்சாலும் நிக்க மாட்டேங்குது சார் இந்த வயிறு. ஸ்டேரிங் திரும்புறப்பெல்லாம் இடிக்குது. கதவ நல்லாச் சாத்துங்க, வளைவுல தொறந்துக்கும். கம்போங் ராஜாவுலதானே எறங்கணும்? புது வாத்தியார ஏத்திக்கிட்டா நமக்கும் பேச்சுத் தொணை.

என்னா சொன்னேன்... ஆங், டாக்டரம்மா. கோலாலம்பூர்லருந்து மெஷினோட வந்திருக்கு சார். எஸ்டேட்ல குண்டா இருக்கறவங்கல்லாம் வரிசையா நில்லுன்னுச்சு. நான் என்னா குண்டு? கணக்கு எழுதுற கிராணி நல்லுசாமி நின்னா பின்னாடி தேயில மலையே தெரியாது. அவர உட்டுட்டு, 'ராமையா, நீ மொதல்ல வா'ங்கறாங்க. ஒரு பையக் குடுத்து ஊதச் சொன்னாங்க. ஊசி இல்ல, ரத்தம் இல்ல. மூச்சுலயே இனிப்பு நீர், அதான் சார் சக்கர வியாதி, தெரிஞ்சுடுமாம் லா.

அங்கதான் சார் மாட்டிக்கிட்டேன். இனிப்பு நீர்க்காரன் மலை ரோட்ல லோரி ஓட்டக்கூடாதுன்னு மேனேஜர் போன வாரமே சொல்லிட்டாரு. எழுவத்தெட்டுலருந்து இந்த லோரிய வேற எவனும் தொட்டதில்ல. இது போச்சுன்னா நான் என்னா, கொழுந்து கிள்றதா? அந்தச் சரிவுல குனிஞ்சேன்னா உருண்டு அடிவாரத்துத் தாப்பாவுலதான் போய் நிப்பேன்.

அதான் டாக்டரம்மா வருதுன்னு கேட்டதுமே, எதுக்கும் எளைச்சு வெப்போம்னு பட்டினி கெடந்தேன். மூணு நாளா வெறும் தேத்தண்ணி, சீனி கூட இல்ல. வீட்ல நவமணி சார்டின் கொழம்பு வெச்சு என் மூஞ்சிக்கு நேரா விசிறிக்கிட்டே உக்காந்திருந்தா. பொண்டாட்டியா அவ? நான் அசையலியே.

இன்னைக்குக் காலையில ஊதுனேன். டாக்டரம்மா மெஷினப் பாத்துச்சு, என்னப் பாத்துச்சு, கிட்ட வந்து மோந்து பாத்துச்சு. நகத்துக்குப் பூசுற சாயம் மாதிரி வாடை அடிக்குதாம். "இனிப்பு நீர் முத்துனாலும் இப்படி அடிக்கும், பட்டினி கெடந்தாலும் அடிக்கும். உங்களுக்கு எதுண்ணே?"ன்னு கேக்குது. நான் எதச் சொல்ல? இனிப்பு நீர்னா லோரி போச்சு. பட்டினின்னா, பசி மயக்கத்துலயா ஓட்டுனேன்னு அதுக்கும் லோரி போச்சு. சிரிச்சு வெச்சேன். நாளைக்குக் காலையில மறுபடி வந்து ஊதுங்கன்னுச்சு.

இல்ல சார், இன்னும் சாப்புடல. எப்படிச் சாப்புடுறது? சோறு இல்லன்னா ஒடம்பு தன் கொழுப்பையே எரிக்குமாம், அந்தப் பொகதான் வாயில வருதாம். அப்ப மொத்தத்தையும் எரிச்சு முடிச்சிட்டா பொக நின்னுடும்ல? என்னா, தலையில கை வெக்கிறீங்க?

பசியே இல்ல சார். பஞ்சு மாதிரி மெதக்குறேன். சும்மாவே சிரிப்பு வருது. ரோடு கூட ரெண்டாத் தெரியுது... பயப்படாதீங்க, நான் எடது பக்க ரோட்லதான் போறேன்.

நிறுத்தணுமா? இங்கயா? இது கோலா தெர்லா சார், கம்போங் ராஜா இன்னும் வரல. ஒண்ணுக்கா? சரி லா.

ஏன் சார் சாவிய உருவுறீங்க? வாத்தியாரே... கடக்காரன்ட்ட என்னா சொல்றீங்க? ரொட்டி ரெண்டா? எனக்கா? நாளைக்கு ஊதணும்னு சொன்னேன்ல... சரி, இத்தினியூண்டு, உங்களுக்காக.

ம்ம்.

சாவி எப்பத் தருவீங்க? நெசத்தச் சொல்றேன்னு சத்தியம் பண்ணாத்தானா? அந்த டாக்டரம்மா கிட்டயா? சரி, சொல்லிடுறேன். பட்டினிதான்னு சொல்லிடுறேன். ஆனா சார், இன்னும் ரெண்டு ரொட்டி சொல்லுங்க. கொழம்பையும் நெறைய ஊத்தச் சொல்லுங்க. ரெண்டே ரெண்டு ரொட்டியோட சொல்ற நெசமா இது?