மிஷினுக்கு மட்டும்

— இந்தக் கேனை நிரப்பிக் குடுடா.

— அக்கா, விளையாடாதே. அதாவது, இது உப்பெல்லாம் எடுத்துட்டு, கண்ணாடி கழுவுற மிஷினுக்குப் போற தண்ணி. குழாய்க்கு மேல போர்டு மாட்டியிருக்கேனே, பாக்கலையா?

— பன்னெண்டு வருஷமா இந்தக் கம்பெனியில டீ போடுறவ பாக்காம இருப்பேனா? 'மிஷினுக்கு மட்டும். குடிக்காதே.' உன் கையெழுத்துதானே.

— அதை விடு. மாமாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனியே, என்ன சொன்னாங்க?

— கேளு. உன் மாமா முதுகு கட்டையாட்டம் ஆனது மூட்டை தூக்கினதால இல்லையாம். கம்பெனி முற்றத்துல நாங்க எல்லாரும் குடிக்கிறோமே, அந்த போர் தண்ணி பண்ண வேலையாம். அதுல இருக்குற ஃப்ளோரைடு எலும்புல ஏறிடுச்சு, இனிமே கழுத்து திரும்பாதுன்னுட்டாங்க. எனக்கும் முட்டி பிடிக்க ஆரம்பிச்சிருக்கு.

— ஐயோ, அக்கா.

— இரு. மிஷின் தண்ணியைப் பத்தியும் கேட்டேன். அதுல சத்து ஒண்ணும் கிடையாது, ஆனா எலும்பைக் கரைக்கும்கிறது கட்டுக்கதைன்னு அந்த டாக்டரம்மா சிரிக்குது. நீதானேடா அவரை உக்காரவச்சு, ஒரு வாய் குடிச்சாலும் எலும்பு கரைஞ்சிடும்னு சொன்னே?

— அதாவது, மேல இருக்கறவங்க சொல்லச் சொன்னாங்க. ஆளாளுக்குப் பிடிச்சா மிஷின் நின்னுடும்க்கா. பயமுறுத்தினாத்தான் கேப்பாங்க.

— சொந்த அக்கா புருஷனையுமா?

— அவர்கிட்ட உண்மையைச் சொன்னா கம்பெனி பூரா தெரிஞ்சிடும். அவரு வாயில எது நிக்கும்?

— சரி. பேட்டரிக்கு ஊத்தன்னு தினமும் அவரு சைக்கிள்ல ஒரு கேன் கட்டி உன் வீட்டுக்கு அனுப்புறியே. உன் வீட்டுல எத்தனை பேட்டரிடா இருக்கு? ஏன் தரையைப் பாக்குற?

— குழந்தைக்குத்தான்க்கா. போர் தண்ணி சரியில்லன்னு எனக்கு அரசல்புரசலாத் தெரியும். என் பொண்ணாவது நல்லா இருக்கட்டும்னு பாத்தேன். உங்ககிட்ட சொல்லியிருக்கணும். தப்புதான்.

— அவளுக்குப் புதுசா முளைச்ச முன்பல்லு எப்படி இருக்கு?

— பழுப்பேறிக் கிடக்கு. ஓயாம மிட்டாய் தின்னா வேற எப்படி இருக்கும்? கேனைக் குடு. மாமாவுக்கு இனிமே நானே தினமும் நிரப்பித் தரேன்.

— பல்லு பழுப்பானது மிட்டாயால இல்லடா. இந்தக் கேன் அவருக்கு இல்ல. உன் பொண்ணுக்கு.

— அவளுக்கு எதுக்கு? பொறந்ததுலேருந்து இதைத்தானே குடிக்கிறா.

— கேளு. அவ கைக்குழந்தையா இருந்தப்பவே, உன் பொண்டாட்டி அந்தக் கேன் தண்ணியைப் பால்புட்டியில ஊத்துறதை உன் மாமா பாத்திருக்காரு. விவரம் தெரியாம குடுக்குறா, சொன்னா உங்களுக்குள்ள சண்டை வரும்னு வாயே திறக்கல. என்கிட்டகூடச் சொல்லல. இன்னைக்கு டாக்டரம்மா சொன்னதைக் கேட்டுட்டு, வெளிய பெஞ்சுல உக்காந்து அழுதுக்கிட்டே சொல்றாரு.

— எதுக்கு அழுதாரு?

— எட்டு வருஷமா, கேட்டைத் தாண்டுறதுக்கு முன்னாடி உன் தண்ணியைக் கீழ கொட்டிட்டு, குழந்தை எலும்பு கரையக் கூடாதுன்னு முற்றத்துக் குழாயிலதான் பிடிச்சுக் கொண்டுவந்து வச்சாராம்.