வெளியிலிருந்து வருபவை

— அந்த வாளியை எங்க தூக்கிட்டுப் போற?

— எந்த வாளி?

— உன் கையில இருக்கிற வாளி.

— ஓ, இதுவா... துணிங்க. பின்னாடி குளத்துல அலசிட்டு வந்துடறேன்.

— துணிக்கு எதுக்கு மூடி? மூடி மேல செங்கல் வேற...

— காத்தடிக்குதுல்ல. பறந்துடும்.

— ஊற வெச்ச துணியா பறக்கும்?

— காலங்காத்தால என்ன விசாரணை? பல்கலைக்கழக ஆய்வுக் குழு உங்களைத்தான் கேள்வி கேக்க வருது, என்னை இல்ல. முதல்ல சட்டைப் பொத்தானைப் பாருங்க, ஒண்ணு ஏறி ஒண்ணு இறங்கி நிக்குது. நேத்து ராத்திரியும் பாதித் தட்டோட எழுந்துட்டீங்க.

— எப்படிம்மா இறங்கும்? இந்தத் தடவை என் மாணவங்க எண்ணக்கூடாதாம். குழுவே குளத்துல இறங்கித் தவளையை எண்ணுமாம். என் சூத்திரம் சொல்ற கணக்கோட ஒத்துப்போகலைன்னா குளத்தை மூடிடுவாங்க. என் முப்பது வருஷ ஆராய்ச்சி மேல காரை நிறுத்துவாங்க.

— நல்ல காரா நிறுத்தினாலும் பரவாயில்ல. உங்க துறைத்தலைவர் கார் எண்ணெய் ஒழுகுமே...

— உனக்கு எல்லாம் விளையாட்டு.

— சரி, நீங்களே முன்னாடி போய் ஒருதடவை எண்ணிப் பாத்திருக்கலாம்ல?

— நானா? என் வேலை கணக்குப் போடுறது. எண்ணுறது மாணவங்க வேலை.

— தவளைன்னா பயம்னு சொல்லுங்களேன். அன்னைக்குக் குளியலறையில ஒண்ணு வந்தப்ப ஸ்டூல் மேல ஏறி நின்னு கத்தினீங்களே, தெருவே திரும்பிப் பாத்துச்சு.

— கத்தலை. மேலேர்ந்து கவனிச்சேன்.

— ஆமா, கண்ணை மூடிக்கிட்டு. தவளையைப் பத்தி மூணு புத்தகம் வேற...

— இரு, இரு. என்ன சத்தம்?

— எது?

— கர்ர்ருன்னு...

— என் முழங்கால்.

— முழங்காலா இப்படிக் கத்துது?

— வயசாகுதுல்ல. நீங்க அந்தச் சூத்திரத்தை ஒருதடவை சொல்லிப் பாருங்க. அவங்க முன்னாடி திக்கக்கூடாது.

— ம்... பிறக்கிற தவளை. அதுல தானா சாகுறதைக் கழிக்கணும். பாம்பு பிடிக்கிறதைக் கழிக்கணும். கடைசியா ஒண்ணைக் கூட்டணும்... வெளியிலேர்ந்து வர்றது.

— அது எதுக்குங்க? எடுத்துடுங்களேன்.

— எப்படி எடுக்கிறது? அது இல்லைன்னா கணக்கே உதைக்குது. மாநாட்டுக்கு மாநாடு அதைப் பத்திதான் பேச்சு. நிலா வெளிச்சத்தைப் பாத்து வருதுன்னார் ஒருத்தர். என் மாணவி ஒருத்தி, பூமிக்குள்ள இருக்கிற காந்தம் இழுக்குதுன்னு எழுதி டாக்டர் பட்டமே வாங்கிட்டா.

— காந்தமா! பாவம், நல்ல பொண்ணு.

— ஏன் பாவம்?

— சும்மா சொன்னேன். உங்களுக்கு என்ன தோணுது?

— நான் எங்கயும் எழுதலை. ஆனா ஒரு வரைபடம் போட்டுப் பாத்தேன். எப்பல்லாம் தவளை திடீர்னு கூடுதோ, அதுக்குக் கொஞ்சம் முன்னாடி என்ன நடந்திருக்குன்னு.

— என்ன... நடந்திருக்கு?

— மழை இல்ல. நிலா இல்ல. கணக்கு வரலைன்னு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு, நான் சாப்பிடாமப் படுத்திருக்கேன்.

— என்னைக்கோ ஒருநாள் அப்படி நடந்திருக்கும்.

— ஒவ்வொரு தடவையும்.

— தற்செயலா இருக்கும்ங்க.

— நானும் அப்படித்தான் நினைச்சேன். போன வருஷம் நீ உன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தப்ப, பட்டினி கிடந்து பாத்தேன். ஒரு தவளைகூட வரலை.

— அடப்பாவி மனுஷா! அதான் திரும்பி வந்தப்ப அப்படித் துரும்பா இளைச்சுக் கிடந்தீங்களா? காய்ச்சல்னு பொய் வேற!

— சோதனைன்னு சொன்னா நீ போயிருப்பியா?

— எல்லாம் தெரிஞ்சுமா அதைச் சூத்திரத்துல வெச்சிருக்கீங்க?

— தெரிஞ்சதாலதான் வெச்சேன். விட்டிருந்தா அதுதான் பொய்க் கணக்கு. வெளியிலேர்ந்து வருதுன்னு நேர்மையா எழுதியிருக்கேன். யார் கொண்டு வர்றாங்கன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கலையே.

— நீங்க ஒழுங்கா நாலு வாய் சாப்பிட்டாப் போதும்னுதான்... செடி விக்கிறவர் தொட்டியில தவளை சும்மாதானே கிடக்குது...

— மூடியைத் திற, பாக்கலாம்.

— வேண்டாங்க. ஒண்ணு குதிச்சா நீங்க போடுற சத்தத்துல குழு வாசலோட திரும்பிடும். வழி விடுங்க, அவங்க வர்றதுக்குள்ள கொட்டிட்டு வந்துடறேன்.

— எவ்வளவு இருக்கு?

— வாளி நிறைய. இன்னைக்கு முக்கியமான நாளாச்சே.

— அய்யோ, முழுசையும் கொட்டிடாத, சூத்திரம் கெட்டுடும். நேத்து ராத்திரி பாதித் தட்டு சாப்பிட்டேன்ல... அரை வாளி போதும்.