முதல் அடியும் என் கொடியும்

ஒரு கையில் மணியும் மறு கையில் நிகழ்ச்சி நிரலுமாக இந்த விழாவுக்குத் தலைமை தாங்கும், முப்பதாண்டுக் காலம் ஒரு பள்ளிக்கூடத்தையே ஒற்றைப் பார்வையால் கட்டியாண்ட தலைமையாசிரியை அம்மா அவர்களே! இந்த கோல்ஃப் கிளப்பில் புல் முளைப்பதற்கு முன்பே உறுப்பினர்களாய் முளைத்த மூத்தோர்களே, முன்னோடிகளே! 'காலை பத்து மணிக்குள் வீட்டுக்குப் போய்விடலாம்' என்ற கணவன்மார்களின் வாக்கை இந்த வயதிலும் நம்பி வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! என்னை மேடையில் ஏற்றி அழகு பார்த்து, அடுத்து மைதானத்தில் இறக்கி அலங்கோலம் பார்க்கக் காத்திருக்கும் என் ஆருயிர் நண்பர்களே! உங்கள் அனைவருக்கும் என் நடுக்கம் கலந்த வணக்கம்.

கைதட்ட வேண்டாம். கைகளைச் சற்று மிச்சம் வையுங்கள். இன்னும் சிறிது நேரத்தில் வாயைப் பொத்திக்கொள்ளத் தேவைப்படும்.

உறவுக்காக மட்டும் வந்திருப்பவர்களுக்கு ஒரு விளக்கம். மற்ற விளையாட்டுகளில் பந்து ஓடும், உருளும், எகிறும், ஏமாற்றும். இந்த விளையாட்டில் பந்து என்ன செய்கிறது? ஒன்றுமே செய்வதில்லை! டீ என்று சொல்லப்படும் சிறு மரக்குச்சியின் தலையில், ஆடாமல், அசையாமல், நீங்கள் அடிக்கும் வரை அமைதியாக உட்கார்ந்திருக்கிறது. அதைத் தடுக்க ஆளில்லை, பிடிக்க ஆளில்லை, பறிக்க ஆளில்லை. நாம் அதை அடிக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒன்றுதான் பெரும்பாலும் நடப்பதில்லை.

அதிலும் அந்த முதல் அடி இருக்கிறதே! பதினெட்டுக் குழிகளில் எத்தனையோ அடிகள் அடிக்கிறோம். புதருக்குள் அடித்ததைப் புதர் மட்டும் பார்க்கும். மணல் பள்ளத்தில் அடித்ததை மணல் மட்டும் அறியும். ஆனால் முதல் அடியை யார் பார்க்கிறார்கள்? கிளப் தாழ்வாரத்தில் நாற்பது நாற்காலிகள் பார்க்கின்றன! தாழ்வாரத்துக் கண்ணாடிக் கதவு பார்க்கிறது, சமையலறை ஜன்னல் பார்க்கிறது, அடுத்து ஆட வேண்டியவர்கள் கைக்கடிகாரத்தையும் நம்மையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். முதல் டீயை, அதாவது அந்த முதல் அடி அடிக்கிற இடத்தை, தாழ்வாரத்துக்கு நேர் எதிரே வைத்த அந்த மகானுபாவர் யார் என்று நான் கேட்க மாட்டேன். முன்வரிசையில்தான் இருக்கிறார், கோபித்துக்கொள்வார்.

இது போதாதென்று நமக்கு ஒரு வழக்கம் வேறு. ஆண்டுப் போட்டியின் தொடக்க அடியை யாராவது ஒருவர் அடிக்க வேண்டும். பந்து எங்கே போய் நிற்கிறதோ, அங்கே அவர் பெயர் எழுதிய சிவப்புக் கொடி நடப்படும். நான்கு நாள் போட்டி முடியும் வரை அது அங்கேயே நிற்கும். போகிறவர்களும் வருகிறவர்களும் அதைப் படித்துவிட்டுத்தான் போக வேண்டும், வர வேண்டும்.

இந்த ஆண்டு அந்தக் கொடியில் என் பெயர். எப்படி வந்தது? புல் வெட்டும் நேரத்தைப் பற்றிக்கூட இதுநாள் வரை ஒத்துப்போகாத நம் நிர்வாகக் குழு, என் பெயர் வந்ததும் ஒரே மனதாகக் கை தூக்கியது. ஒருவர் இரண்டு கைகளையும் தூக்கினாராம். ஒற்றுமைக்கு வித்திட்டவன் என்ற பெருமை எனக்குப் போதும்!

ஏன் இந்த அன்பு? நான் பல் டாக்டர். அடுத்தவர் வாயைத் திறக்கவைத்துப் பிழைப்பவன். என் வாயை மூடத்தான் இதுவரை ஆள் இல்லை. தாழ்வாரத்தில் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பிரம்பு நாற்காலி இருக்கிறதல்லவா? பதினோரு ஆண்டுகளாக ஞாயிறுதோறும் என் அரியாசனம் அதுதான். யார் முதல் அடி அடித்தாலும் அங்கிருந்து ஒரு சொல் போகும். என் சொல் மட்டும் என்றைக்கும் குறி தவறியதில்லை.

நம் வக்கீல் ஐயாவை எடுத்துக்கொள்ளுங்கள். அடி கோணினால், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதையாகக் காற்றின் மேல் வழக்குத் தொடுப்பார். "காத்து திரும்பிடுச்சு சார்!" என்பார். மரத்தில் ஓர் இலை அசைந்திருக்காது. நம் கட்டட ஒப்பந்தக்காரர் அடிப்பதற்கு முன் பதினான்கு தடவை வெறுங்காற்றில் மட்டையை வீசிப் பார்ப்பார். பதினைந்தாவது தடவை பந்தும் காற்றைப் போலவே தப்பித்துக்கொள்ளும். நம் எலும்பு டாக்டர்! ஐந்து மணி நேரம் அறுவைச் சிகிச்சை செய்தாலும் விரல் நடுங்காதவர். சென்ற ஆண்டு தொடக்க அடி அவருடையது. கொடியை எங்கே நட்டோம்? சமையலறைக் கழிவுத் தொட்டிக்குப் பக்கத்தில்! ஆனைக்கும் அடி சறுக்கும் என்று அவர் சமாளித்தார். அந்தக் கொடியைப் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்பிய புண்ணியவான் யார்? அடியேன்தான்!

என்ன, பின்வரிசையில் சத்தம்? "பேசினது போதும், அடிங்க சார்" என்கிறீர்களா? அடிக்கிறேன் ஐயா. பந்து எங்கே ஓடிவிடப் போகிறது?

கொடியில் பெயர் ஏறிய நாளிலிருந்து எனக்குக் கிடைத்த அறிவுரைகளைக் கேளுங்கள். வக்கீல் சொன்னார், "பிடியை இறுக்காதீங்க." ஒப்பந்தக்காரர் சொன்னார், "தோளை லூசா விடுங்க." எலும்பு டாக்டர் என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துவிட்டு, "மூச்சை நல்லா இழுத்து விடுங்க. எதையும் நினைக்காதீங்க. ரிலாக்ஸா இருங்க" என்றார். ரிலாக்ஸ்! இந்தச் சொல்லைச் சொல்லித்தான் நான் இருபது ஆண்டுகளாகக் கடைவாய்ப் பல் பிடுங்குகிறேன். "ஒண்ணும் வலிக்காது, ரிலாக்ஸா இருங்க" என்பேன். அதைக் கேட்டு இதுவரை ஒரே ஒருவராவது ரிலாக்ஸ் ஆனதுண்டா? நாற்காலியின் கைப்பிடியை அல்லவா பிய்த்தெடுத்தார்கள்! தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது பொய்யில்லை. இந்த ஒரு வாரமாக என் வீட்டு நாற்காலியின் கைப்பிடியை நான்தான் பிய்த்துக்கொண்டிருக்கிறேன்.

என் மனைவி மட்டும்தான் உருப்படியாக ஒன்று சொன்னாள். "பெரிய மட்டையை எடுக்காதீங்க. சின்னதை எடுத்து மெதுவா தட்டுங்க. பந்து பாதி தூரம் போனாலும் நேரா போகும்ல?" பந்தையே தொடாதவளுக்குத் தெரிந்த இந்த ஞானம், பந்தையே கட்டிக்கொண்டு அழுகிற நமக்குத் தெரியாதா? தெரியும்! நன்றாகத் தெரியும்! தெரிந்தும் அத்தனை பேரும் ஏன் அந்தப் பெரிய மட்டையையே எடுக்கிறோம்? தூரம் போவதற்காகவா? தாழ்வாரம் பார்க்கிறதே என்பதற்காக!

மணி அடித்துவிட்டார்கள். அம்மா அவர்களே, இன்னும் ஐந்தே நிமிடம். ஒரே ஒரு செய்தி பாக்கி இருக்கிறது. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரமாகச் சுற்றி வளைத்துக்கொண்டிருக்கிறேன்.

நடுவரிசையில், தூணுக்குப் பக்கத்தில், சாம்பல் நிறச் சட்டையில் ஒருவர் இருக்கிறார். என் மச்சான். என் மனைவியின் அண்ணன். லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். பன்னிரண்டாவது மாடியில், லிஃப்டின் கூரை மேல் நின்று, கீழே இருட்டுக் கிணறு வாயைத் திறந்திருக்க, வாயில் ஸ்க்ரூ டிரைவரைக் கவ்விக்கொண்டு வேலை செய்கிற மனிதர். அவருக்குக் கால் நடுங்கி நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். எங்கே? இதோ, இதே முதல் டீயில். ஆறு ஆண்டுகளுக்கு முன்னால்.

அவரைக் கிளப்பில் சேர்த்தவன் நான். நான்கு மாதம் அவர் தன் பட்டறைக்குப் பின்னால் வலை கட்டி, வேலைக்குப் போகும் முன் நாளுக்கு நூறு பந்து அடித்துப் பழகினார். எதில் பழகினார்? சின்ன மட்டையில். அது ஒன்றுதான் அவருக்குக் கைவந்திருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் எடுத்துக்கொண்டு ஆடக் கிளம்பினார். தாழ்வாரம் நிரம்பியிருந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து போய், யார் கண்ணிலும் படாத தூண் மறைவில் அவரை நிறுத்தி, அந்தச் சின்ன மட்டையை அவர் கையிலிருந்து வாங்கி, என் பெரிய மட்டையைத் திணித்தேன். "நாலு பேர் பார்க்கிறாங்க மச்சான், என் மானத்தை வாங்காதீங்க. இதுல அடிங்க" என்றேன். அவர், "மாப்ள, இதுல நான் பழகலையே" என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் நாற்காலிக்குத் திரும்பிவிட்டேன்.

வீசினார், காற்று. மறுபடி வீசினார், மறுபடியும் காற்று. மூன்றாம் வீச்சில் பந்து மட்டையின் ஓரத்தில் பட்டு, பக்கத்துக் கல்லில் மோதி, திரும்பி வந்து அவர் காலடியிலேயே நின்றது. அப்போது பிரம்பு நாற்காலியிலிருந்து ஒரு குரல் வந்தது. "மச்சான், லிஃப்ட் மேலே போகுதா, கீழே போகுதா?" நாற்பது பேர் சிரித்தார்கள். அந்தக் குரல் யாருடையது என்று உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மட்டையை மாற்றிக் கொடுத்தவனும் அவனேதான் என்பது இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

அவரும் சிரித்தார். மட்டையைக் கைக்குட்டையால் துடைத்து என்னிடம் கொடுத்து, "மாப்ள, ஒரு வேலை ஞாபகம் வந்துருச்சு. போயிட்டு வந்துடறேன்" என்றார். ஆறு ஆண்டுகளாக அந்த வேலை முடியவில்லை. என் வீட்டுக்கு வருகிறார். என் கிளினிக்கில் லிஃப்ட் நின்றுபோனால் முதல் ஆளாக வந்து நிற்கிறார். மட்டை மாறிய கதையை மட்டும் தன் தங்கையிடம்கூட இதுவரை சொல்லவில்லை. இதோ, முன்வரிசையில் என் மனைவி என்னை முறைக்கிறாளே, அந்தப் பார்வையிலேயே தெரிகிறது பாருங்கள்.

அன்பர்களே! முதல் அடியைக் கெடுப்பது எது? காற்றா? களமா? கையா? கண்ணா? இல்லை! அடிக்கிறவன் ஒருவன், அவனுக்குப் பின்னால் நாக்கைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் நாற்பது பேர்! அவனுடைய பிடி இறுகுவது எதனால்? நம்மால்! அவனுடைய மூச்சு முட்டுவது எதனால்? நம்மால்! பழகிய மட்டையை விட்டுவிட்டுப் பழகாத மட்டையை அவன் தூக்குவது எதனால்? நம்மால், நம்மால், முக்கியமாக என்னால்! பந்து அடிக்கக் கற்றுக்கொடுக்க இங்கே பயிற்சியாளர் இருக்கிறார். பார்த்துக்கொண்டு சும்மா இருக்கக் கற்றுக்கொடுக்க யார் இருக்கிறார்கள்? எனக்கு அதைக் கற்றுக்கொள்ள ஆறு ஆண்டுகளும் ஒரு சிவப்புக் கொடியும் தேவைப்பட்டன. மச்சான், தப்பு பண்ணிட்டேன். தனியாக வந்து சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நாலு பேர் முன்னால் சிரித்தவன், நாலு பேர் முன்னால்தானே சொல்ல வேண்டும்?

அம்மா அவர்கள் மணியைக் கீழே வைத்துவிட்டார்கள். நன்றி. உங்கள் அனுமதியோடு ஒரு வேண்டுகோள். அந்தச் சிவப்புக் கொடியை இந்த ஆண்டு நிர்வாகக் குழு நட வேண்டாம். என் மச்சான் நடட்டும். பந்து புதர்ப் பக்கம் போனால் அங்கே நடட்டும். கழிவுத் தொட்டிக்குப் போனால் எலும்பு டாக்டரின் பழைய இடத்திலேயே நடட்டும். என் காலடியில் நின்றுவிட்டால் என் காலடியிலேயே, என் பெயர் தாழ்வாரத்தைப் பார்க்கும்படி நடட்டும். நான்கு நாளும் அதன் பக்கத்தில் நின்று, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் நானே படித்துக் காட்டுகிறேன்.

எழுந்துவிட்டார்! என்ன மச்சான்? சத்தமாகச் சொல்லுங்கள், எல்லோருக்கும் கேட்கட்டும்.

"மாப்ள, பேச்சை நிறுத்திட்டு, தலையைத் தூக்காம அடிங்க. கொடியை நான் பார்த்துக்கறேன்!"

கேட்டீர்களா? ஒரு வாரமாக வந்த அறிவுரைகளில் கடைசியாக வந்தது இது. தலைமையேற்ற அம்மாவுக்கும், பொறுமை காத்த தாய்மார்களுக்கும், இரண்டு கை தூக்கி என்னைத் தேர்ந்தெடுத்த அந்த ஒருவருக்கும், என் மச்சானுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. பிரம்பு நாற்காலி காலியாக இருக்கிறது, யார் வேண்டுமானாலும் உட்காரலாம். வணக்கம். அந்தப் பெரிய மட்டையை உறையிலேயே போட்டுவிடுங்கள் ஐயா. சின்னதைக் கொடுங்கள்.